விளாங்குடிக் குளத்தில் குளோரின் நின்றுபோன வாரம்

1

மிஷினைக் கழற்றியபோது இருந்தவர்கள் மூன்று பேர்: என் அக்கா பஞ்சவர்ணம், அவள் வீட்டுக்காரர் கருப்பசாமி மச்சான், நான். அப்பா இல்லை. சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு மொட்டை போடுகிறார்கள் என்று அழகர்கோவிலுக்குப் போயிருந்தார். போகாமல் இருந்தாலும் வந்திருக்க மாட்டார். அக்கா அந்த நீச்சல் குளத்தைக் குத்தகைக்கு எடுத்து ஒரு கோடை முழுக்க ஓடிவிட்டது, அவர் இன்னும் கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. என் மனைவி மீனாவும் மகள் இனியாவும் பெர்த்தில் இருந்தார்கள். இனியா மச்சானின் போன் திரையிலும் இருந்தாள். அவளை இருந்தவர்களோடு சேர்ப்பதா இல்லாதவர்களோடு சேர்ப்பதா என்று எனக்கு எப்போதுமே குழப்பம்.

"அப்பா, அது யக்கி பூல்" என்றாள்.

"என்ன சொல்லுது மருமக?" என்றார் மச்சான்.

"தண்ணி நல்லா இல்லங்குது."

"அங்கயிருந்தே தெரியுதாக்கும்" என்றார் மச்சான், போனைத் தண்ணீர்ப் பக்கமிருந்து திருப்பிக்கொண்டே.

இந்த மாதத்தோடு நான் பெர்த்துக்கு வந்து ஏழு வருடம். ஒவ்வொரு வருடமும் நான் வந்த நாளில் மீனா பாயசம் வைப்பாள், நான் ஊருக்குப் போன் போடுவேன், அத்தோடு சரி. இந்த வருடம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், போன ஆயுத பூஜை முடிந்த கையோடு லீவில் ஊருக்குப் போனபோது நடந்த இந்தக் குளத்து விவகாரம்தான். ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம் "ஆஸ்திரேலியாவுல என்ன வேலை தம்பி?" என்று கேட்கிறார்கள். "ஸ்விம்மிங் பூல் ரிப்பேர்" என்றால், "அதுக்கா அம்புட்டுத் தூரம் போன?" என்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இது.

2

பெர்த்தில் தெருவுக்கு நாலு வீட்டில் பின்பக்கம் நீச்சல் குளம் இருக்கும். பெரும்பாலும் உப்புக் குளங்கள். கடல் தண்ணீர் என்று நினைத்துவிட வேண்டாம், கண்ணீரில் இருப்பதைவிடக் குறைந்த உப்புதான். அந்தத் தண்ணீர் ஓடுகிற குழாயின் நடுவில், அடுக்கடுக்கான தகடுகளோடு ஒரு கண்ணாடிக் குப்பி மாதிரி இருக்கும். செல் என்பார்கள். தகடுகளில் கரண்ட் பாயும்போது உப்பிலிருந்து குளோரின் உண்டாகிறது. அது கிருமியையும் பாசியையும் கொன்றுவிட்டுத் திரும்பவும் உப்பாகிவிடுகிறது. செல் நன்றாக ஓடினால் குப்பிக்குள் பால் பொங்குகிற மாதிரி வெள்ளை நுரை தெரியும். நுரை நின்றால் என்னைக் கூப்பிடுவார்கள்.

என்னை என்றால், டேவை. தவமணி என்கிற பெயரை என் முதலாளி கிரெக் முதல் நாள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், மூன்றாவது தடவை டேவ் ஆகிவிட்டேன். நல்ல மனிதர். முதல் வருட ஆயுத பூஜைக்கு வேன் ஸ்டீயரிங்கில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தேன். காலையில் பார்த்துவிட்டு, "டேவ், கையில் எங்கேயாவது வெட்டிக்கொண்டாயா?" என்று மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். விளக்கிச் சொன்னேன். மறு வருடம் அவரே தன் வேன் சாவியை நீட்டினார்.

மதுரையில் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் படித்தவன் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள். அந்த டிப்ளமோ இங்கே செல்லுமா என்று சொல்ல அதிகாரிகள் ஒன்றரை வருடம் எடுத்துக்கொண்டார்கள். பாடத்திட்டத்தை ஆங்கிலத்தில் கேட்டார்கள், அனுப்பினேன். முத்திரை மங்கலாக இருக்கிறது என்றார்கள். மச்சான் லீவு போட்டு, பாலிடெக்னிக் ஆபீஸ் வாசலில் நின்று, புது மை தொட்டு வைத்த முத்திரையோடு வாங்கி அனுப்பினார். கடைசியில் செல்லாது என்று பதில் வந்தது. அதனால் செல்லை நான் கழற்றலாம், மாட்டலாம், அளக்கலாம். கரண்ட் பெட்டியின் மூடியைத் திறக்கக் கூடாது. அதற்கு லைசென்ஸ் உள்ளவர் வர வேண்டும். இப்போது சாயங்கால வகுப்பில் ஓம் விதியிலிருந்து மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன். என் பக்கத்து இருக்கைப் பையனுக்கு நான்தான் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

இனியா நடக்கப் பழகிய வருடமே நீந்தவும் பழகிவிட்டாள். இங்கே எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான். என்னோடு தமிழில் ஆரம்பிப்பாள், பாதி வாக்கியத்தில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள். "அப்பா, எனக்குத் தண்ணி வேணும் பட் நாட் த கோல்டு ஒன்" என்பாள். திருத்தினால் தோளைக் குலுக்கிவிட்டுப் போகிறாள். அவளுக்கு நீச்சல் வருகிற அளவுக்குத் தமிழ் வரவில்லை. குளம் ரிப்பேர் செய்து சம்பாதிக்கிற எனக்கோ நீச்சலே வராது.

எங்கள் ஊரில் கிணறு இல்லாமல் இல்லை. அப்பா கூலிக்கு வெட்டிய கிணறே இருந்தது. தண்ணீர் ஊறிய பிறகு அவர் அதில் இறங்கியதில்லை, எங்கள் ஆட்களை இறங்க விடமாட்டார்கள். எனக்கும் அக்காவுக்கும் அவர் போட்ட ஒரே உத்தரவு, கிணற்றுப் பக்கம் போகாதே என்பது. அடிபடுவோம் என்று பயந்தாரா, மூழ்குவோம் என்று பயந்தாரா, அவர் சொன்னதில்லை.

3

ஆரப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மச்சானின் முகத்தைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. டீக்கடையில் வைத்துக் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல மாப்ள. நீ குளிச்சு சாப்பிட்டு ரெஸ்ட் எடு, பெறகு பேசுவோம்."

"குளத்துலயா?"

"பச்சையாயிருச்சு."

மச்சான் ஒரு ஹோட்டல் நீச்சல் குளத்தில் பல வருடம் ஆட்களைக் காப்பாற்றுகிற வேலையில் இருந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு அக்காவுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தார். முப்பது வயதில் சுடிதாரோடு தண்ணீருக்குள் இறங்கிய அக்கா, இப்போது பெண் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பே எடுக்கிறாள். விளாங்குடியில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த குளத்தை இருவரும் குத்தகைக்கு எடுத்து, உப்பு மிஷின் மாட்டி, கோடையில் வகுப்பு நடத்தினார்கள். கோடை நன்றாகப் போனது. ஆனால் மழை மாதங்களில் குளத்துக்கு யார் வருவார்கள்? பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்று வருடம் முழுக்கப் பிள்ளைகளை அனுப்புவதாகச் சொல்லியிருந்தது. அது வந்தால் குத்தகையைப் புதுப்பிக்கலாம். வராவிட்டால் அந்த மாதத்தோடு சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

முதல் வகுப்பு வருகிற திங்கட்கிழமை. பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர் மேரி, புதன்கிழமை வந்து தண்ணீரைப் பார்த்திருக்கிறார். கோபப்படவில்லையாம்.

"ஆழமான பக்கம் அடியில ஒரு ஜாலி இருக்குல்ல, தண்ணி வடியுற ஜாலி? திங்கக்கிழம காலைல நான் கரையில நின்னு பாத்தா அது எனக்குத் தெளிவாத் தெரியணும். ஒரு பிள்ள மூழ்குனா நான் பாக்கணும்ல. ஜாலி தெரிஞ்சா இறக்குறேன். தெரியலைன்னா பஸ்ஸத் திருப்பிருவேன். வருத்தப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

நான் வந்து இறங்கியது வியாழக்கிழமை.

"போன்ல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல மச்சான்?"

"லீவுக்கு வார ஆள்கிட்ட வேலையச் சொல்வாகளா?" என்றார்.

4

குளம் வாழை இலை நிறத்தில் இருந்தது. படிக்கட்டின் இரண்டாவது படியே தெரியவில்லை, ஜாலி எங்கே தெரியப்போகிறது.

மிஷின் பெட்டியில் உப்புக் குறைவு என்று ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. மிஷினை மாட்டிக்கொடுத்த ஆளுக்கு மச்சான் போன் போட்டிருக்கிறார். "உப்பு போடுங்கண்ணே" என்று சொல்லியிருக்கிறான். தூத்துக்குடி உப்பு இரண்டு மூட்டை போட்டார்கள். விளக்கு அணையவில்லை. இன்னும் நாலு மூட்டை. அப்போதும் அணையவில்லை. சுவரோரம் இன்னும் மூட்டைகள் காத்துக்கொண்டிருந்தன.

விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். "மச்சான், கருவாடு ஊறப்போட்ட மாதிரி இருக்கு."

"ஆனா மிசின் பத்தலைங்குதே?"

பெர்த்திலும் எல்லோரும் செய்கிற தப்பு இது. மிஷினுக்கு உப்பு தெரியாது. தகடுகளுக்கு நடுவே எவ்வளவு கரண்ட் பாய்கிறது என்பது மட்டும்தான் தெரியும். கரண்ட் குறைவாகப் பாய்ந்தால் உப்புக் குறைவு என்று விளக்குப் போட்டுவிடும். அதனால் விளக்கை நம்பக் கூடாது, உப்பைத் தனியாக அளக்க வேண்டும். என் பயணப் பெட்டியில் சாக்லேட்டுக்கு அடியில் உப்பு அளக்கிற காகிதப் பட்டைகள் கொண்டுவந்திருந்தேன். அளந்தேன். இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு.

அடுத்தது தண்ணீர் ஓட்டம். மணல் ஃபில்டரைத் திருப்பி விட்டுக் கழுவினோம், பச்சைச் சேறாகக் கொட்டியது. பம்ப் நன்றாக இழுத்தது. மோட்டார் காயில் கட்டுகிற பக்கத்துக் கடையில் மீட்டர் இரவல் வாங்கினேன். பெர்த்தில் எனக்கு அனுமதி இல்லாத மூடி இங்கே ஒரே ஒரு ஸ்க்ரூவில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் ஃபேன் ரிப்பேர் செய்கிறவர், மண்டபத்து சவுண்டு சர்வீஸ்காரர், கேபிள்காரர் என்று எல்லோரும் திறந்து பார்த்தாகிவிட்டது. கொஞ்ச நேரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பிறகு மச்சானை மெயினை அணைக்கச் சொல்லி, மீட்டரை மாட்டி, திரும்பப் போடச் சொல்லி அளந்தேன். பெட்டியிலிருந்து கரண்ட் ஒழுங்காக வருகிறது. செல்லுக்குள் போனால் நிற்கிறது. குப்பிக்குள் ஒரு பொட்டு நுரை இல்லை.

"அப்ப செல்தான். கழட்டிப் பாத்துருவோம்" என்றேன்.

கழற்றும்போதுதான் குப்பியின் வெளிப்பக்கம் காய்ந்த சந்தனமும் நடுவில் குங்குமமும் இருந்ததைப் பார்த்தேன். உள்ளே தகடுகளைப் பார்த்தேன். பயன்பாட்டில் இருக்கிற தகடு அடுப்புச் சட்டி மாதிரி கறுத்து, மங்கலாக இருக்கும். இவை கல்யாணச் சீர் வரிசையில் வைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி இருந்தன. என் முகமே தெரிந்தது.

"எப்புடிப் பளபளன்னு இருக்கு பாத்தியா தம்பி?" என்றாள் அக்கா. "ஆயுத பூசைக்கு நாந்தான் தேச்சேன். ஒரே கரியா இருந்துச்சு. மாசம் ஒருக்கா கழுவணும்னு மாட்டுனவன் சொன்னான்ல. புளியப் போட்டு ஊறவச்சேன், வெள்ளக் கறைதான் போச்சு, கரி போகல. பெறகு கம்பி நாரக் கட்டையில சுத்தி, இடுக்குல விட்டு, மத்தியானம் பூராம் தேச்சேன். அந்த அருவா, மம்பட்டி எதையும் நான் இப்படித் தேச்சதில்ல."

மச்சான் என்னைப் பார்த்தார், செல்லைப் பார்த்தார்.

"என்ன மாப்ள?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாட்டி மூஞ்சி ஏன் இப்படிப் போகுது. சொல்லு" என்றாள் அக்கா.

சொன்னேன். புளி நல்லதுதான், அந்தப் புளிப்பு வெள்ளைக் கறையைத்தான் கரைக்கும், தகட்டை ஒன்றும் செய்யாது. ஆனால் அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. தகட்டின் மேல் பூசிய ஒரு உலோகப் பூச்சு. உப்பைக் குளோரினாக்குகிறது அந்தப் பூச்சுதான். அது போனால் தகடு வெறும் தகடு.

அக்கா செல்லை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்தக் கறுப்புத்தான் மிசினா?"

"ஆமாக்கா."

"கில்ட்டு பூசுற கட டவுன்ல இருக்குய்யா" என்றார் மச்சான் அவசரமாக. "குத்துவெளக்குக்கெல்லாம் பூசுறான். குடுத்தா ஒரு நாள்ல..."

"அது வேற பூச்சு மச்சான். இங்க ஆகாது."

"சரி, விடு. நாந்தான தேக்கச் சொன்னேன்" என்றார். அவர் சொல்லவில்லை என்பது மூன்று பேருக்குமே தெரியும்.

"நீ ஒண்ணும் சொல்லல. நானாத்தான் தேச்சேன்" என்றாள் அக்கா. "நம்ம வீட்ல இதுக்கு முன்னாடி என்ன மிசின் இருந்துச்சு, நான் தெரிஞ்சுக்கிறதுக்கு? மொத மிசின். அதான் நல்லாத் தேச்சேன்." பிறகு என்னிடம், "புதுசு எப்ப வரும்?"

செல் விற்கிற சென்னைக் கம்பெனிக்குப் போன் போட்டேன். அடுத்த வாரக் கடைசி என்றார்கள். அதற்கு முன்னால் திங்கட்கிழமை இருந்தது.

5

"அப்ப பஸ்ஸு திரும்பிரும்" என்றார் மச்சான்.

"ஏன் திரும்பணும்? மிசின் குளோரினத்தான பண்ணுது. கேன்ல வாங்கி ஊத்துவோம்" என்றேன்.

"உப்புக் குளம்னு போர்டு வச்சிருக்கமேய்யா."

"உப்புத்தான் ரெட்டிப்பா கெடக்கே மச்சான்."

அன்றைக்கு முதன்முறையாகச் சிரித்தார்.

ஆரப்பாளையம் பக்கம் கெமிக்கல் கடையில் திரவக் குளோரின் கேன்கள் வாங்கினோம், தெருத் தண்ணீர்த் தொட்டிகளுக்கு ஊற்றுவார்களே அதுதான். தண்ணீரின் காரத்தைக் குறைக்கக் கொஞ்சம் அமிலமும். பகலில் ஊற்றினால் மதுரை வெயில் மத்தியானத்துக்குள் பாதியைத் தின்றுவிடும். அதனால் சூரியன் மண்டபத்துக் கூரைக்குக் கீழே போகும்வரை காத்திருந்து, குளத்தைச் சுற்றி நடந்து நடந்து ஊற்றினோம். அக்காதான் அளவு சொன்னாள். நான் ஒரு தடவை காட்டிக்கொடுத்த சோதனைக் குழாயின் நிறத்தைப் பார்த்து, "இன்னும் மஞ்சக் காட்டல, இன்னொரு அரைக் கேன்" என்றாள். கண்ணாடி போடு, கையுறை போடு என்று நான் சொல்லிக்கொண்டே இருக்க, "வெள்ளக்காரன் மாதிரியே பேசுறான்" என்றார் மச்சான்.

வெள்ளிக்கிழமை காலையில் பச்சை செத்து, தண்ணீர் அரிசி கழுவிய நிறத்துக்கு வந்தது. அக்காவுக்கு அது பச்சையைவிட மோசமாகத் தெரிந்தது. "செத்த பாசி மெதக்குது, அம்புட்டுத்தான்" என்றேன். எனக்கும் பயம் இருந்தது. பெர்த்தில் இந்த மாதிரிக் குளத்துக்கு ஒரு வாரம் கேட்பேன்.

சனிக்கிழமை படிகாரம் கரைத்து ஊற்றி, பம்ப்பை அணைத்துவிட்டோம். கலக்காமல் விட்டால் எல்லாம் அடியில் போய்ப் படியும். அன்று முழுக்க யாரையும் தண்ணீர் பக்கம் விடாமல் அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு காக்காய் வந்து கரையில் உட்கார்ந்தபோது அதையும் விரட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் நீள் குழாயால் அடியில் படிந்ததை உறிஞ்சி வெளியே விட்டார். அதோடு கூடுதல் உப்பும் கொஞ்சம் போனது. குறைந்த அளவுக்கு டேங்கர் லாரியில் தண்ணீர் வாங்கி விட்டோம். அந்த லாரி வரும்போது கேட்டை முழுக்கத் திறந்து வைத்திருந்தோம். லாரிக்குப் பின்னால், சொந்தக்காரர் வீட்டில் மூன்று நாள் தங்கிவிட்டு அழகர்கோவிலிலிருந்து திரும்பிய அப்பா நின்றுகொண்டிருந்தார். கையில் பிரசாதப் பை.

யாரும் கூப்பிடவில்லை. அவராகவே உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீரிலிருந்து நாலடி தள்ளி நின்று பார்த்தார்.

"எம்புட்டு ஆழம்?"

"அந்தப் பக்கம் ஆறடி" என்றார் மச்சான்.

"இதுக்குள்ள யாரு எறங்குவா?"

"யாரு வேணாலும் எறங்கலாம் மாமா. பீஸ் கட்டணும், எறங்குறதுக்கு முன்னாடி குளிக்கணும்."

"யாரு வேணாலுமா?"

"யாரு வேணாலும்."

அப்பா தலையை ஆட்டினார். "காவலுக்கு ஆளு போடல?"

"நாந்தான்ப்பா காவலு" என்றாள் அக்கா.

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பையிலிருந்து அழகர்கோவில் தோசையை எடுத்து நாலாகப் பிய்த்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். என் வாயில் குளோரின் வாடையோடு மிளகும் கறுப்பு உளுந்தும். இரவல் மீட்டரைத் திருப்பிக் கொடுக்க நான் கடைக்குப் போய் வந்தபோது அவர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார், இப்போது தண்ணீரிலிருந்து இரண்டடிதான் தள்ளி.

6

திங்கட்கிழமை காலையில் வெயில் ஏறுவதற்கு முன் பள்ளிக்கூடத்து பஸ் மண்டப வாசலில் வந்து நின்றது. பிள்ளைகள் ஜன்னலில் முட்டிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் மட்டும் இறங்கினார். விசில் கழுத்தில் தொங்கியது. யாருக்கும் வணக்கம் சொல்லாமல் நேரே ஆழமான பக்கம் போய்க் கரையில் நின்றார்.

தண்ணீர் நீலமாக இருந்தது என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது, லேசான மங்கல் ஒன்று மிச்சம் இருந்தது. எனக்கு ஜாலி தெரிந்தது. ஆனால் எங்கே இருக்கிறது என்று எனக்கு முன்னமே தெரியும். டீச்சர் குனிந்தார். நிமிர்ந்தார். நாலடி நகர்ந்து மறுபடி குனிந்தார். அக்கா துப்பட்டாவின் முனையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"மேடம்" என்றார் டீச்சர்.

"சொல்லுங்க டீச்சர்."

"ஜாலிக்குப் பக்கத்துல ஒரு ரப்பர் பேண்டு கெடக்கு. பிள்ளைக தலைக்குப் போடுறது. எடுத்துருங்க, பம்ப்புக்குள்ள போயிரும்."

அக்கா துப்பட்டாவை நாற்காலியில் போட்டுவிட்டு, இருந்த சுடிதாரோடு அப்படியே குதித்தாள். அவள் அடியில் போய் அந்த ரப்பர் பேண்டை எடுக்கிற வரைக்கும் கரையில் இருந்த எல்லோருக்கும் அவளுடைய கை விரல்கள் தெரிந்தன. மேலே வந்து, முடியை ஒதுக்கி, "இறக்குங்க டீச்சர்" என்றாள்.

டீச்சர் விசிலடித்தார். பஸ் காலியானது.

புதுச் செல் நான் கிளம்புவதற்கு முந்தின நாள் வந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், அக்காவே மாட்டினாள். நுரை பொங்கியதை இனியாவுக்குப் போனில் காட்டினாள். "ஐய், மில்க்" என்றாள் இனியா. "பால்னு சொல்லுடி" என்றாள் அக்கா. "பால்" என்று உடனே சொன்னாள். நான் கேட்டால் சொல்ல மாட்டாள். அடுத்த பள்ளி விடுமுறைக்கு இனியாவை இங்கே அனுப்பு, குளத்தையும் தமிழையும் ஒன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். மீனா டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பில்லை நான் கட்டுகிறேன் என்று எடுத்தேன். பெர்த்தில் என் நாலைந்து வாரச் சேமிப்பில் அடங்கிவிடும். அக்கா கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"நீ கட்டுனா இது உன் குளமாயிரும். நான் கெடுத்தேன், நான் கட்டுறேன். பள்ளிக்கூடத்துல மூணு மாசப் பணம் முன்கூட்டியே குடுத்துட்டாக."

மச்சான் மட்டும் பஸ் ஏற்றிவிட வந்தபோது மெதுவாகச் சொன்னார். செல், அது சென்னையிலிருந்து வந்த லாரி வாடகை, குளோரின் கேன், அமிலம், படிகாரம், டேங்கர் தண்ணீர் எல்லாம் சேர்த்து அவர்களுக்கு ஆனது எழுபத்தோராயிரத்து அறுநூறு ரூபாய்.